கிரானுக்குப் போய் வந்தோம்

மட்டக்களப்புக்குச் செல்பவரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்றொரு பேச்சு வடபகுதியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வாணிகத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ கிழக்கே போன ஆடவர் சிலர் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட, ஊரிலிருந்த உற்றார் பழியை மந்திரத்தின்மேல் போட்டு மனந்தேறினர் போலும். எம் பாட்டியார் இக்கதையைச் சொல்லும்போது, ஒட்டிய பாயை முதுகிலே சுமந்தபடி கிணற்றடிக்கு நடந்த ஒருவரைப் பற்றியும் சேர்த்துச் சொல்வார். சிறுபிராயத்தில் நாம் அதை ஐயமின்றி நம்பினோம்.

அண்மையில் ஒரு மார்கழி மாதத்திலே, திருமணம் ஒன்றின் பொருட்டு மனைவியாருடனும் கல்லூரியில் பயிலும் மகனுடனும் மட்டக்களப்பு நகருக்குச் செல்ல நேர்ந்தது. கொழும்பில் எமக்கு அயல்வீட்டில் வசிக்கும் அன்பர் ஒருவர் கிரான் பகுதியைச் சேர்ந்தவர். எமது பயணத்தை அறிந்ததும், அவர் ஒரு கம்பளிப் போர்வையும் சில மருந்துகளும் அடங்கிய பொதியொன்றைக் கொண்டுவந்து தந்து, "எங்கள் பெரியம்மாவிடம் சேர்த்துவிட முடியுமா? வழியில் தண்ணீர் நிற்கும், சிரமமென்றால் விட்டுவிடுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். அயலவரின் பொதியை மறுப்பது எங்ஙனம்? தவிர, பாயோடு ஒட்டவைக்கும் நாட்டின் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலும் எமக்கு இருந்தது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கு நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அதற்கடுத்தது கிரான். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இவ்வீதியிலே பஸ்ஸின் உள்ளும் அவ்வாறே இருந்தது. ஏறாவூரில் தொப்பியணிந்த முதியவர் ஒருவர் கைப்பையுடன் ஏறினார். நெற்றியில் திருநீறு துலங்க அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், அவர் தம்மருகில் வரும்வரை காத்திராமல் எழுந்து, "காக்கா, இஞ்சால இருங்க" என்று தம் ஆசனத்தைக் காட்டிவிட்டு வாசற்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். நகர்ந்து நின்றதை நாம் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். இடந்தந்தவர் அருகிலேயே நின்றால், அமர்ந்தவருக்கு நன்றிக்கடன் தலைக்குமேல் நிற்பதுபோல் இருக்குமன்றோ? எமக்கு அடுத்திருந்த அம்மையார் எம் பொதியைப் பார்த்துவிட்டு, "தூரப் பயணமோ?" என்று மட்டும் வினவினார். எங்கே போகிறீர்கள் என்று நேரே கேட்பது நம்மவரிடையே நல்ல சகுனமாகக் கொள்ளப்படுவதில்லை. தூரமோ என்று கேட்டால், சொல்ல விரும்புபவர் ஊரைச் சொல்வார். விரும்பாதவர் "ஓம்" என்று முடித்துக்கொள்வார்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தபோது மகன் எட்டிப் பார்த்தான். 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது அது. 1990ஆம் ஆண்டு அவ்வளாகம் ஏதிலிகள் தங்கும் முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் தேதி அங்கிருந்து படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. இவ்விவரத்தை நாம் முன்னரே படித்து அறிந்திருந்தோம். அறிந்திருந்தும், அன்று பிற்பகல் எம்மால் நேர்ந்த பிழையை அவ்வறிவு தடுக்கவில்லை. அதைப் பின்னர் கூறுவோம்.

கிரான் ஒரு சந்தியைச் சுற்றிய ஊர். கடைகள் சில, பாடசாலை, கோயில், கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகம், தென்னையும் மாவும் நிழல்செய்யும் வளவுகள் இவ்வளவையும் சிறிது நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். ஆனால் பிரதேச செயலகத்தின் ஆட்சியெல்லை மேற்கே வயல்களையும் காடுகளையும் கடந்து குடும்பிமலை வரை நீளுகிறது. சந்தியிலிருந்து மேற்கே பிரியும் வீதி புலிபாய்ந்தகல்லுக்குச் செல்கிறது. (இலங்கைக் காடுகளில் வேங்கை இல்லை, ஆதலால் பாய்ந்தது சிறுத்தையாகத்தான் இருக்கவேண்டும் என்று மகன் திருத்தம் சொன்னான்.) மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் கிடக்கிறது. அதன் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் இந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. இவ்விரு கரைகளுக்கிடையே மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு அவர்கள் இட்ட பெயர் 'பாதை' என்பது. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, பாதைக்குக் காத்திருத்தல் அங்கே நாளாந்த வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்தது. நீர்மேல் மிதக்கும் ஒன்றைப் பாதை என்றழைக்கும் மக்களுக்குத் தரையையும் நீரையும் வேறுபிரித்துப் பேசும் அவசியம் இருந்திராது போலும்.

கிரானில் மாரி காலத்தில் தரையே நீராகிவிடுகிறது. மேற்கே பெய்யும் மழையெல்லாம் மாதுறு ஓயா, முந்தனையாறு முதலியவற்றின் வழியே இறங்கிவர, புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துள் மறையும். அப்பால் உள்ள பொண்டுகள்சேனை, பூலாக்காடு, முறுத்தானை முதலிய சிற்றூர்களின் மக்கள் கடைக்கும் வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் படகிலேதான் வரவேண்டும். நாம் சென்ற அன்றும் வீதியின் மீது பழுப்புநிற நீர் விரைந்து போய்க்கொண்டிருந்தது. இருமருங்கும் நட்டிருந்த கம்பங்களைக் கொண்டுதான் இங்கே வீதி உண்டென்று அறியலாம்.

கரையிலே முப்பது பேர்வரை நின்றிருந்தனர். படகு வந்து அணைந்ததும், நகரத்துப் பழக்கத்தால் நாம் விரைந்து முன்னே சென்று, மனைவியாரையும் ஏற்றி, நல்ல இடமாகப் பார்த்து அமர்ந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தபோது எவருமே எம்பின் ஏறவில்லை. எல்லாரும் கரையில் அமைதியாக நின்றனர். நிறைமாதக் கர்ப்பிணிப் பெண்ணொருத்தி தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவள் ஏறி நடுப்பலகையில் அமர்ந்த பின்னர், கைக்குழந்தைக்காரர் ஏறினர், அதன்பின் முதியவர், அதன்பின் மற்றையோர். எவரும் ஆணையிட்டதாகத் தெரியவில்லை. நாம் அமர்ந்திருந்ததும் நடுப்பலகைதான். அப்பெண் எம்மருகே சிரமப்பட்டு ஒதுங்கி அமர்ந்ததைக் கண்டு, தலைகவிழ்ந்தபடி விளிம்புக்கு நகர்ந்துகொண்டோம். ஒருவரும் எம்மைப் பார்க்கவில்லை. பாராதிருந்ததும் ஓர் உபகாரமே.

"ரெண்டு பக்கமும் சரி பார்த்து இருங்க. இடையில ஆரும் எழும்பப்படாது" என்றார் படகுக்காரர். பின்னர் நீர்மட்டத்தை ஒருமுறை நோக்கிவிட்டு, "இவ்வளவுதான் கொள்ளும்" என்றார். அப்போது ஒரு காலைப் படகில் வைத்திருந்த உரமூடைக்காரர் காலை எடுத்துக்கொண்டார். ஏற்கனவே ஏறியிருந்த இளைஞர் இருவர், ஒரு மூதாட்டி இன்னும் கரையில் நிற்பதைக் கண்டு இறங்கி, "நாங்க அடுத்ததுல வாறம்" என்று அவருக்கு இடம் விட்டனர். அடுத்தது வர அரை மணி நேரமாகும். மழையும் தூறத் தொடங்கியிருந்தது. கட்டணப் பணம் கையோடு கையாகப் பின்னேயிருந்து முன்னே வந்து சேர்ந்தது. மீதிப் பணமும் அவ்வாறே திரும்பிப் போயிற்று.

இம்மரியாதையை வெறும் நாகரிகம் என்று எண்ணுவோர், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதியை நினைத்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலே, குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், பாலத்துக்குப் பதிலாக ஓடிய மிதவைப் படகு அன்று காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் சிறுமியர் உட்படப் பலர் மாண்டனர். பாலமும் முறையான படகும் அமைத்துத் தருவது அரசின் கடமை. படகில் ஏறியவர்மேல் பழிசுமத்துவது அறமன்று. ஆயினும் அவை வந்து சேரும்வரை இம்மக்களைக் காப்பது, "இவ்வளவுதான் கொள்ளும்" என்ற சொல்லுக்குக் காலைத் திரும்ப எடுக்கும் பழக்கம் ஒன்றே.

அன்பரின் பெரியம்மா வீடு அக்கரையிலிருந்து சிறிது தூரத்தில் இருந்தது. படலையில் நின்று குரல் கொடுத்தோம். எழுபதைக் கடந்த அம்மையார் முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்தார். "வாங்க மகன், வாங்க மகள். முதல்ல காலக் கழுவிட்டு ஏறுங்க" என்று செம்பில் நீர் தந்தார். விறாந்தையில் புதிய பன்பாய் விரிக்கப்பட்டது. குடிக்க நீர் வந்தது. அதன்பின் தேநீர் வந்தது. பித்தளை வட்டாவிலே வெற்றிலையும் பாக்கும் வந்தன. பெரியவர், அதாவது அம்மையாரின் கணவர், வட்டாவை எம் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை நாம் யார், எந்த ஊர், எதற்காக வந்தோம் என்று அவ்வீட்டில் எவரும் கேட்கவில்லை. வந்தவரின் களைப்புத் தீருமுன் வந்த காரியத்தை விசாரிப்பது, 'காரியம் முடிந்ததும் போகலாம்' என்பது போலாகிவிடுமாம். பொதியை நாமே எடுத்து நீட்டியபோதுதான் அயல்வீட்டு அன்பரின் பேச்சு வந்தது. கொழும்பிலே எம் வீட்டு அழைப்புமணியை ஒருவர் அழுத்தினால், கதவைத் திறக்குமுன் நாம் கேட்கும் முதற்கேள்வி எது என்பதை எண்ணி நாணினோம்.

இவ்வளவு நுண்மையான விருந்து முறை இந்நாட்டில் எவ்வாறு ஊறியது? மட்டக்களப்புத் தமிழரிடையே தாய்வழிக் குடிமுறை வழங்குவதைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூல் விளக்குகிறது. இங்கே வீடு பெண்ணுக்கு உரியது. மணமுடித்த ஆடவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். எனவே ஊரிலுள்ள குடும்பத் தலைவர் பலரும் ஒருகாலத்தில் அவ்வீட்டு வாயிலில் விருந்தினராக வந்து நின்றவர்களே. வேற்று வீட்டில் முதன்முறை கால்வைப்பவனின் கூச்சத்தை அவர்கள் நன்கறிவர். இது எம் ஊகம். பெரியவரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டு நகைத்து, "ஐம்பது வருஷமாச்சு, இன்னும் விருந்தாளிதான்" என்றார். உள்ளேயிருந்து அம்மையாரின் சிரிப்பும் கேட்டது. பாயோடு ஒட்டிய மனிதரை நேரிலே கண்டுவிட்டதாக எமக்குத் தோன்றியது.

நண்பகல் உணவுக்கு எழ முயன்றது வீணாயிற்று. ஆற்றுமீன் குழம்பும் கீரையும் சோறும் இட்டனர். உண்டுகொண்டிருக்கையில், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படம் எம் கண்ணிற்பட்டது. இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர். படத்தின் வண்ணம் மங்கியிருந்தது. கீழே சிறு விளக்கு.

"இவர் யார்?" என்று கேட்டோம்.

"எங்கட மகன்" என்றார் அம்மையார்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். அன்பு காட்டுவதாக எண்ணிக்கொண்டு, "எந்த வருஷம்? என்ன நடந்தது?" என்று மேலும் கேட்டுவிட்டோம்.

அம்மையார் எம் இலையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தயிர் போடட்டா மகன்?" என்று சொல்லி, விடைக்குக் காத்திராமல் உள்ளே சென்றார். பெரியவர் சோற்றைப் பிசைந்தபடி மாடுகளைப் பற்றிப் பேசலானார். வயல் விதைத்த பின் மாடுகளை ஊருக்குள் வைத்திருப்பதில்லை. பிறர் பயிரில் வாய்வைத்துவிடும் என்று அவற்றை மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போய், அறுவடைக்குப் பின்னரே திருப்பிக் கொண்டுவருவர் என்றார். அத்தரைகள் அத்துமீறிப் பிடிக்கப்படுவதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்தைப் பற்றியும் கூறினார். எம் மகன் எமக்கு முன்னரே நிலைமையை உணர்ந்துகொண்டான். மாட்டுக்குக் குறிவைப்பது எப்படி, பட்டியில் எத்தனை நிற்கும், தொலைந்த மாட்டை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டு, அம்மையார் திரும்பி வரும்வரை பேச்சை மாட்டுப்பட்டியிலேயே நிறுத்தி வைத்தான். தயிர் வந்தது. அதை உண்டோம். அதன் சுவையைப் பற்றி எழுதும் நிலையில் நாம் இல்லை.

திரும்பும் வழியில் மனைவியார் கூறினார்: அம்மையார் தயிர்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாராம்.

வினவாதிருப்பது எல்லா இடத்தும் மரியாதையாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி, 2017ஆம் ஆண்டு தொடக்கம் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் நாம் கேட்கவேண்டும் என்பதற்காகவே வெயிலில் அமர்ந்தார்கள். அங்கே பார்வையைத் திருப்பிக்கொண்டு நடப்பவன்தான் பண்பற்றவன். வீட்டுச் சுவரில் விளக்குக்குமேல் இருக்கும் படம் வேறு. அது அவ்வீட்டாருக்காக மாட்டப்பட்டது. விருந்தினர் கண்ணில் அது பட்டுவிட்டதனால் மட்டும் அதன் கதை விருந்தினருக்கு உரியதாகிவிடாது. இழவு வீட்டிலே, "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வருகிறோம். துக்கம் கேட்கச் செல்பவர்கூட அதிகம் பேசாமல் அருகிருந்துவிட்டு வருவதுண்டு. இவற்றையெல்லாம் சிறுவயதிலேயே கற்றிருந்தும், முப்பது ஆண்டுகள் கழிந்த துக்கத்தின்முன் நாம் பத்திரிகை நிருபரைப்போல் நடந்துகொண்டோம். அயல்வீட்டு அன்பர் பத்தாண்டுப் பழக்கத்தில் ஒருநாளும் எம்மிடம் அத்தம்பியைப் பற்றிக் கூறியதில்லை. திரும்பிய பின்னரும் நாம் அவரிடம் கேட்கவில்லை.

விடைபெறும் நேரத்தில் மன்னிப்புக் கேட்க நாவெழுந்தது. மனைவியார் எம் கையை மெல்ல அழுத்தினார். மன்னிப்பு என்று தொடங்கினால் அதே பேச்சை மறுபடியும் அவ்வம்மையாரின் முன் எடுத்து வைப்பதாகும். ஆகவே, "போயிட்டு வாறம் பெரியம்மா" என்று மனைவியார் சொல்ல, நாமும் அதையே சொன்னோம். "மழைக்கு முன்ன தோணி பிடிங்க. அடுத்த தரம் வரக்குள்ள ரெண்டு நாள் நிண்டு போகோணும்" என்றார் அம்மையார். பெரியவர் குடையொன்றை விரித்துக்கொண்டு படகுத்துறை வரை கூடவே நடந்து வந்தார். இம்முறை நாம் கரையில் கடைசியாக நின்றோம். படகு நிறைந்துவிட்டது. அடுத்த படகு வரும்வரை பெரியவரும் எம்முடன் நின்றார். மாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

புறப்படும்போது அம்மையார் ஒரு சில்வர் தூக்குச்சட்டியில் தயிரை நிரப்பி, மூடியைத் துணியால் இறுகக் கட்டி மனைவியாரிடம் தந்திருந்தார். தயிர் தீர்ந்து இப்போது நாட்கள் பலவாயின. சட்டி எம் சமையலறைத் தட்டில் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அயல்வீட்டு அன்பரிடம் கொடுத்தனுப்பிவிடலாம் என்றான் மகன். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது வழக்கமில்லை என்றார் மனைவியார். என்ன இட்டுத் திருப்புவது என்பதுதான் வீட்டில் முடிவாகவில்லை. வெள்ளம் வடிந்து வீதி தெரிந்ததும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம்.